கண் மூட வேண்டிய நிமிடங்கள்

அந்தப் பழைய கறுப்பு வெள்ளை உளவாளிப் படத்தைப் பார்க்கலாமா, வேண்டாமா என்பதுதான் ஒரு வாரமாக அந்த வீட்டில் வழக்கு. வழக்கைக் கொண்டுவந்தது மருந்துக்கடை முதலாளியம்மா. அந்த அம்மாள் லேசில் எதையும் புகழ்கிறவர் இல்லை. சொந்த மகன் கல்யாணத்தையே 'பரவாயில்லை' என்று சொன்னவர். அப்பேர்ப்பட்டவர், இரண்டு மணி நேரம் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன், முதுகு பிடித்துக்கொண்டது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிற லிஃப்ட்காரர் ஒருவரின் வீடு அது; அதே கடையில் காலை நேரம் மட்டும் வேலை பார்த்துவந்த அவர் மனைவிக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

ஆனால் ஆசைப்பட்ட உடனே பார்த்துவிட முடியாது. அந்த வீட்டில் எந்தப் படமும் லிஃப்ட்காரர் முதலில் தனியாகப் பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் ஓடும்.

அது நாலு வருஷத்துக் கதை. மனைவிக்கு நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, ஆறு மாதத்துக்கு அதிர்ச்சி, பதற்றம் எதுவும் கூடாது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னது ஆறு மாதம். லிஃப்ட்காரர் காதில் விழுந்தது ஆயுசு முழுக்க. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். ஆறு மாதம் கழித்து டாக்டரே சிரித்துக்கொண்டு, இனி எல்லாரையும் போல இருக்கலாம் என்று சொன்ன பிறகும் இந்தப் பூசாரி அசைந்துகொடுக்கவில்லை.

அவளுக்கோ கொலை, துப்பறிவது, உளவு என்றால் உயிர். பார்க்காதே என்று சொல்ல இவருக்கு மனசு வரவில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை காலை, அவள் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில், டீயை வைத்துக்கொண்டு படத்தை முழுக்கப் பார்த்துவிடுவார். பார்த்து ஒரு சீட்டு எழுதுவார். லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு அறிக்கை எழுதுகிற மாதிரியே இருக்கும் அந்தச் சீட்டு. '12-வது நிமிஷம், நாய் பாயும். 47, கதவு தானாகத் திறக்கும், ஆள் இல்லை, காற்றுதான். 1.10 முதல் 1.13 வரை கண்ணை மூடவும். மற்றபடி பார்க்கலாம்.' அதை மடித்து அவள் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்தந்த நிமிஷம் வந்ததும் அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொள்வாள். ஆபத்து தாண்டியதும் இவர் "ம், ஆச்சு" என்பார். அவள் கையை எடுப்பாள். நாலு வருஷத்தில் ஒரு நிமிஷத்தைக்கூடத் தவறவிட்டதில்லை என்பதில் மனிதருக்கு உள்ளூரக் கர்வம் உண்டு.

கர்வத்துக்கு அடி விழுந்தது இரண்டு மாதத்துக்கு முன்னால். வாசற்கதவின் நிலையில் இடது தோளை அடிக்கடி இடித்துக்கொண்டார். இடது பக்கம் வைத்த டீயைத் தட்டிவிட்டார். வயசாகிறது, கண்ணாடியை மாற்றுவோம் என்றுதான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். இவரும் அமுக்கினார். எல்லாப் புள்ளியையும் பிடித்துவிட்டோம் என்று நினைத்தார். பாதிப் புள்ளிகள் வந்துபோனதே அவருக்குத் தெரியாது.

கண்ணில் அழுத்தம் கூடி இரண்டு கண்ணிலும் இடது ஓரப் பார்வை குறைந்துகொண்டு வருகிறது என்றார் கண் டாக்டர். போனது போனதுதான், திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். பார்வை போன இடம் இருட்டாகத் தெரியும் என்று நினைக்காதீர்கள், மூளையே அங்கே சுவரையும் வானத்தையும் இழுத்து நிரப்பிவிடும், அதனால்தான் குறை இருப்பதே தெரிவதில்லை என்று பொறுமையாக விளக்கினார். கடைசியாக இரண்டு விஷயம் சொன்னார். லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நிற்கிற வேலை இனி வேண்டாம். அடுத்த தடவை வரும்போது வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

அந்த அடுத்த தடவை வருகிற திங்கட்கிழமை. லிஃப்ட்காரர் இன்னும் அவளிடம் வாயைத் திறக்கவில்லை. பயந்த சுபாவம் இல்லைதான் அவள். இருந்தாலும் தைத்து ஒட்டிய நெஞ்சு அது. நாயும் கதவும் வருகிற நிமிஷத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இந்தச் செய்திக்கு எந்த நிமிஷத்தில் கண்ணை மூடச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் போய்விட்டால் தனக்கு யாரும் இல்லை என்ற ஒரே பயத்தைத்தான் நாலு வருஷமாகச் சீட்டுச் சீட்டாக எழுதிக்கொண்டிருந்தார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவளின் புருஷன், அவளுக்குத் தெரியாமல் சொட்டு மருந்து வாங்க இரண்டு பஸ் மாறி ஊரின் மறுகோடிக்குப் போன கூத்தும் நடந்தது. ஸ்பேனருக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவில், டூல் பையின் அடியில் அந்தக் குப்பி குடியிருந்தது. தினம் படுக்கப்போகும் முன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொட்டு விட்டுக்கொள்வார். எந்த உளவாளியும் இவரிடம் தோற்றான்.

வேலையையும் விடவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில், கூண்டின் மேல் நின்றுகொண்டு இடது காலை நகர்த்தி வைத்தார். பாதிக் கால்தான் தகட்டில் பட்டது. மீதிப் பாதி காற்றில் இருந்தது. கைக்குக் கிடைத்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு நிதானத்துக்கு வரும்வரை அப்படியே நின்றார். யானைக்கும் அடி சறுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். யானை எட்டாவது மாடியில் நிற்பதில்லை.

இந்த நிலைமையில்தான் சனிக்கிழமை காலை அந்த உளவாளிப் படத்தைப் போட்டார். மழை பெய்துகொண்டே இருக்கிற ஒரு துறைமுக ஊர். நீளமான கோட்டு போட்ட ஒருவன், தன் அலுவலகத்தின் ரகசியங்களை எதிரிக்கு விற்கிற துரோகி யார் என்று தேடுகிறான். நடக்கிறான், நிற்கிறான், சிகரெட் பற்றவைக்கிறான், காலியான அறைகளுக்குள் நுழைந்து வெளியே வருகிறான். லிஃப்ட்காரருக்குக் கொட்டாவி வந்தது. கடைசியில் கைத்தடி வைத்திருக்கும் ஒரு குமாஸ்தா எங்கிருந்தோ முளைத்து, நான்தான் துரோகி என்கிறான். இவன் யார், எங்கே இருந்தான், கதைக்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

சீட்டு எழுதினார். 'பயம் எதுவும் இல்லை. கண்ணை மூட வேண்டிய நிமிஷம் இல்லை. படம் சுமார். பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை.'

மத்தியானம் வந்து சீட்டைப் படித்த மனைவி நம்பவில்லை. முதலாளியம்மாவுக்கு முதுகே பிடித்துக்கொண்டதாமே என்றாள். நாற்காலி சரியில்லாமல் இருந்திருக்கும் என்றார் இவர். மேல்கோர்ட்டுக்குப் போகிறவள் மாதிரி, நாளைக்கு நானே பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திரைச்சீலையை இழுத்துவிட்டு, பிஸ்கட் டப்பாவோடு உட்கார்ந்தார்கள். அவள் எப்போதும் போல அவருக்கு வலப்பக்கம். இவர் தூங்கிவிடக் கூடாது என்று சாய்வுத் தலையணையைத் தள்ளிவைத்துக்கொண்டார்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கோட்டுக்காரன் தன் அறைக்குள் வந்து விளக்கைப் போட்டான். அவள் சட்டென்று இவர் கையைப் பிடித்தாள்.

"என்னம்மா?"

"அலமாரிக்குப் பக்கத்துல ஷூ தெரியுதே. அங்க ஆள் நிக்கிறான்."

இவர் பார்த்தார். வலது ஓரத்தில் விளக்கு, நடுவில் கோட்டுக்காரன், இடது பக்கம் வெறும் சுவர். ஓ, அதுவா என்று ஒப்புக்குச் சொல்லிவைத்தார். கொஞ்ச நேரத்தில் ரயிலடிக் காட்சியில் அவள் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதே கைத்தடி, தூணுக்குப் பின்னால் பாருங்க, முன்னே அலமாரிக்குப் பக்கத்திலும் இவன்தான் நின்றான் என்றாள். தூண் இருந்தது. கைத்தடி அவருக்குத் தெரியவில்லை. தலையை நன்றாக இடது பக்கம் திருப்பினார். கறுப்புக்குள் கறுப்பாக ஒரு உருவம் மெல்ல விலகிப் போனது.

லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. கலர்ப் படங்களில் சிவப்புச் சட்டையோ நீலக் காரோ அசைந்து அவர் கண்ணை இழுத்துவிடும். கறுப்பு வெள்ளையில் இழுக்க ஒன்றும் இல்லை. அப்படியானால் நேற்று அவர் பார்த்தது வேறு படம். ஒருவன் சும்மா நடந்துகொண்டிருந்த படம். அவள் பார்ப்பது, அவன் போகிற இடத்திலெல்லாம் ஓரத்தில் ஒருவன் காத்து நிற்கிற படம். பயம் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போடாத குறையாக எழுதிக் கொடுத்துவிட்டோமே, இவள் நெஞ்சு என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்தார். ஏதாவது சாக்கு சொல்லிப் படத்தை நிறுத்தலாமா என்று பார்த்தார்.

அதற்குள் அவளே நிறுத்திவிட்டாள். திரையில் ஒரு அலுவலக அறை அப்படியே உறைந்து நின்றது.

"ஏங்க, இந்த ரூம்ல எத்தனை பேரு இருக்காங்க?"

பேச்சுவாக்கில் கேட்பது போலத்தான் கேட்டாள். இவர் நிதானமாக எண்ணினார். மேஜைக்குப் பின்னால் மேலதிகாரி, எதிரில் கோட்டுக்காரன், ஜன்னலோரம் தட்டச்சு செய்கிற பெண்.

"மூணு பேரு."

அவள் திரையின் இடது ஓரத்தை ஒரு தடவையும் இவர் முகத்தை ஒரு தடவையும் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே நாலாவது ஆள் இருக்கிறான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வெளிச்சம் சரியில்லை, கண்ணாடி பழசு என்று இரண்டு மூன்று பொய்கள் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன. எல்லாவற்றையும் விழுங்கினார். முப்பது வருஷம் கூடவே இருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, களவாடிப் பிடிபட்டவனைப் போல முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்தாள். பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு சோபாவைச் சுற்றி வந்து, அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். இவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கத்தை நான் பாத்துக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் பாருங்க."

படம் மறுபடி ஓடியது. அவள் தணிந்த குரலில் இடது ஓரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். இப்ப கதவு இடுக்குல நிக்கிறான். கைத்தடியைச் சுவத்துல சாத்துறான். பொண்ணு எழுதின காயிதத்தை மெதுவா எடுக்கிறான். படிக்கட்டுக்குக் கீழே இருக்கான், இவன் இறங்கி வரான், ஐயோ, திரும்பிப் பாக்காம வரானே. நேற்றுக் கொட்டாவி விட்ட அதே இடத்தில் இன்று அவருக்கு மூச்சடைத்தது. குமாஸ்தா கடைசியில் இருட்டிலிருந்து வெளியே வந்தபோது, இவன் எங்கிருந்து முளைத்தான் என்ற கேள்விக்கே இடமில்லை. ஒன்றேகால் மணி நேரமாக இவர் அவனுக்குத்தான் பயந்துகொண்டிருந்தார். விளக்கைப் போடலாம் என்று பார்த்தால், சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முதுகு பிடித்துக்கொண்டிருந்தது.

படம் முடிந்து எழுத்துகள் ஓடும்போது இவராகவே ஆரம்பித்தார். வெள்ளைக் கிண்ணம், புள்ளிகள், டாக்டர் சொன்னது, சொட்டு மருந்து, நாளைய தேதி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். எட்டாவது மாடியையும் சொன்னார். சொல்லும்போதே அவள் கையைத் தடவிக்கொடுக்கிற சாக்கில் மணிக்கட்டில் விரலை வைத்திருந்தார்.

அவள் குனிந்து அந்த விரலைப் பார்த்தாள்.

"நாடி பாக்கறீங்களா? அது நல்லாத்தான் ஓடுது. நாலு வருஷமா நல்லாத்தான் ஓடுது."

"இல்ல, சும்மாதான்..."

"நாய் பாயறதையும் பாத்தேன், கதவு தொறக்கறதையும் பாத்தேன். எந்தப் படத்துல நான் நெசமா கண்ணை மூடினேன்? விரல் இடுக்குல எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருந்தேன். நீங்க அவ்வளவு பாடுபட்டு எழுதறீங்களேன்னுதான் முகத்தைப் பொத்திக்கிட்டேன்."

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யாரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தாரோ, அவள் இத்தனை நாளும் இவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில், நெஞ்சிலிருந்து ஒரு கல்லை யாரோ இறக்கிவைத்த மாதிரியும் இருந்தது.

மருந்து எங்கே என்று கேட்டாள். டூல் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதன் மேலிருந்த கிரீஸைத் துடைத்தாள்; வெளிச்சத்தில் பிடித்துப் பெயரைப் படித்தாள். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. இந்த மருந்துக்குச் சூடு ஆகாது. டூல் பையோடு தினம் மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறையின் வெக்கையில் இரண்டு மாதம் கிடந்தால் இதில் சத்து எங்கே மிஞ்சும், இதைப் போட்டதும் ஒன்று, பச்சைத் தண்ணீர் விட்டதும் ஒன்று என்றாள். ஒளித்துவைத்த இடத்தாலேயே மருந்து கெட்டிருக்கும் என்பது இவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டு மாதம் அவளிடமிருந்து காப்பாற்றியது ரகசியத்தை மட்டும்தான், கண்ணை இல்லை.

"உனக்கு எதுவும் ஆயிடக் கூடாதுன்னுதான்மா."

"அந்தக் கால் முழுசாத் தவறியிருந்தா?" என்றாள் அவள். "யாரோ ஒருத்தர் ஃபோன் பண்ணிச் சொல்லியிருப்பாங்க. அது எந்த நிமிஷம் வரும்னு எனக்கு யாரு சீட்டு எழுதி வெச்சிருப்பா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கூண்டின் மேல் இனி ஏறுவதில்லை, கீழே பட்டறையில் மோட்டார் பிரிக்கிற வேலை கேட்கிறேன் என்று அவராகவே சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு எழுந்து போய், முதலாளியம்மாவை ஃபோனில் பிடித்து, அதே மருந்தில் புதுக்குப்பி ஒன்று எடுத்துவைக்கச் சொன்னாள். அந்தப் பக்கம் முதலாளியம்மா படம் எப்படி என்று கேட்டிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை கண் ஆஸ்பத்திரியில் வரிசையாக நாற்காலிகள். அவருக்கு வலப்பக்க நாற்காலி காலியாக இருந்தும் அவள் அதில் உட்காரவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவரை நகரச் சொல்லி இடப்பக்கம் இடம் பிடித்தாள். லிஃப்ட்காரர் சுவரில் இருந்த அறிவிப்பைப் படிப்போம் என்று கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். உள்ளே நாலாக மடித்த ஒரு சீட்டு இருந்தது. மருந்து மூடிகளில் 'காலை', 'இரவு' என்று எழுதி எழுதிப் பழகிய கையெழுத்து.

'படம் கட்டாயம் பார்க்கலாம். பயம் உண்டு. கண்ணை மூட வேண்டாம். தனியாகப் பார்க்கக் கூடாது.'

இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கதவு திறந்து, நர்ஸ் இவருடைய நம்பரைக் கூப்பிட்டுவிட்டு, இந்தத் தடவையாவது வீட்டிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டாள்.

அவருடைய இடது ஓரத்தில் வெறும் சுவர்தான் தெரிந்தது. லிஃப்ட்காரர் தலையைத் திருப்பவில்லை.

"இருக்காங்க. இந்தப் பக்கம்தான்" என்றார்.